இயல்பு முகவரி

எந்தக் கருவியை வாங்கினாலும் அதில் சில விஷயங்களை நம்மைக் கேட்காமலே கம்பெனிக்காரன் தீர்மானித்து வைத்திருப்பான். வெளிச்சம் இவ்வளவு, மணியோசை இப்படி, முகவரி இன்னது. நாம் பாட்டுக்கு 'சரி, சரி, சரி' என்று அமுக்கிக்கொண்டே போய்விடுவோம். இயல்பு அமைப்பு என்று அதற்குப் பெயர். உலகத்தில் பாதிப் பேர் அதை மாற்றாமலே காலத்தை ஓட்டுகிறார்கள். மீதிப் பேர் தெரியாமல் மாற்றிவிட்டு அவதிப்படுகிறார்கள்.

செல்லமுத்துவின் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்திருந்த மின்னணுச் சில்லிலும் அப்படி ஒரு முகவரி இருந்தது.

அவர் கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். பைக் விபத்தில் தலையில் அடிபட்டு நினைவைத் தேடி எடுக்கும் பகுதி போய்விட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு வைத்தியம் வந்திருந்தது. மூளையில் மிச்சம் இருப்பதை எல்லாம் பிரதி எடுத்து எங்கோ தூரத்தில் ஒரு சர்வரில் கிடங்காக வைத்துவிடுவார்கள். தினமும் ஆள் கண் விழிக்கும்போது, காதோரத்துச் சில்லு வீட்டு வைஃபை வழியாக அந்தக் கிடங்கைத் தேடிப் பிடித்துத் தன்னோடு இணைத்துக்கொள்ளும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது. எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்பார். அன்றைக்கு நடந்ததெல்லாம் இரவுத் தூக்கத்தில் கிடங்கில் போய் எழுதப்பட்டுவிடும்.

செல்லமுத்துவுக்கு இந்த எழுதுதல் நடக்கவில்லை. ஒவ்வொரு காலையும் அவருக்கு ஒரே காலைதான். எழுந்து சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

"கவின் எங்க, கோகிலா?"

"கோத்தகிரி ஹாஸ்டல்ல இருக்கானுங்க."

"ஹாஸ்டலா? எட்டு வயசுப் பையன எதுக்கு ஹாஸ்டல்ல போட்டே? ஆரக் கேட்டுப் போட்டே?"

கோகிலவாணி சமாதானம் சொல்லுவாள். நல்ல பள்ளிக்கூடம், நல்ல குளிர், லீவுக்கு வந்துவிடுவான். மத்தியானம் வரைக்கும் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, சாப்பாட்டுக்கு மேல் அவர் சமாதானமாவார். மறுநாள் மறுபடி முதலிலிருந்து.

கவின் எந்த ஹாஸ்டலிலும் இல்லை. அவர் தலையில் அடிபட்ட அதே விபத்தில் செத்துப் போனான். அது நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழத்தான் செய்வாள், அதற்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். ஆனால் இவளுக்கு அழ இடம் இல்லை. வீட்டில் மாலை போட்ட படம் வைக்க முடியாது. வருடத் திதியை அண்ணன் வீட்டில் போய்க் கொடுத்துவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்ததாகப் பொய் சொன்னாள். சொந்தக்காரர்கள் கொஞ்ச நாள் வந்து அழுதார்கள், பிறகு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். அவளைக் குறை சொல்லாமல் அவளோடு சமமாக உட்கார்ந்து அழக்கூடிய ஒரே ஆள் அந்தப் பிள்ளையைப் பெற்றவர்தான். அவரோ பக்கத்து அறையில் உட்கார்ந்து, லீவுக்கு வரும் மகனுக்குச் சைக்கிள் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு கொடுமை உண்டு. ஆஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. சில்லு பதித்த பிறகு கவின் போனதைச் சொன்னார்கள். அவர் அழவில்லை. பேச்சை நிறுத்திவிட்டுப் படுத்தே கிடந்தார். அவளுக்கும் அவரிடம் பேச வாய் வரவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள்தான் முதல்முறையாக 'கவின் எங்க' என்று கேட்டார். டாக்டர் சில்லைச் சோதித்துவிட்டு, இணைப்பெல்லாம் சரியாக இருக்கிறது, மூளைதான் ஏற்கவில்லை, சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று கையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் போகாத டாக்டர் இல்லை, வேண்டாத சாமி இல்லை. பட்ட காலிலே படும் என்பார்கள். அவளுக்குத் தலை முதல் கால் வரைக்கும் பட்டிருந்தது.

ரெஜினா வந்தது இந்த நிலையில்தான். சில்லுக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சில்லுகளுக்கும் ஒரு மாற்றம் அனுப்பப் போகிறார்கள், அதற்கு முன்னால் வீடு வீடாகப் போய் முகவரியைச் சரிபார்க்க வேண்டும் என்று லேப்டாப்போடு வந்திருந்தாள்.

செல்லமுத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "வா அம்மணி. எம்பையன் இருந்தா இந்த கம்ப்யூட்டர உட்டு நகர மாட்டான். ஹாஸ்டல்ல கெடக்கறான்."

ரெஜினா அவர் காதோரம் ஒரு சின்னத் தகட்டை ஒட்டித் திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தகட்டை எடுத்துவிட்டு, தண்ணீர் வேண்டும் என்று சொல்லிக் கோகிலவாணியின் பின்னாலேயே சமையலறைக்குள் வந்துவிட்டாள்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லுதேன், பதறாதீங்க. அண்ணனோட கிடங்கு சென்னையில பத்திரமா இருக்கு. ஆனா வீட்டுக்கு வந்ததுல இருந்து அவரு சில்லு ஒரு நாள்கூட அங்க போகல. டீஃபால்ட் முகவரியிலயே நிக்கி."

"அப்பிடீன்னா என்ன அம்மணி?"

"கம்பெனில செஞ்சு அனுப்பும்போதே உள்ள ஒரு முகவரி போட்டு அனுப்புவாங்க. ஆஸ்பத்திரில இருக்குறவரைக்கும் அவங்க மெஷினே கிடங்கோட இணைச்சிரும். வீட்டுக்கு அனுப்பும்போது மாட்டுற ஆளு அந்த முகவரிய அழிச்சிட்டு நோயாளியோட சொந்தக் கிடங்கு முகவரியப் போடணும். எங்க ஆளுங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். கட்டத்துல ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தா, அதுதான் சரின்னு நெனச்சு கை வைக்காம விட்ருவாங்க. கம்பெனியே போட்டிருக்கான், நாம ஏன் மாத்தணும்னு ஒரு மரியாத. இந்த ஊர்ல மட்டும் நெறைய வீட்ல இப்படித்தான் பாத்தேன்."

"மாட்டுன ஆளு மாத்தலையா? டாக்டரு இணைப்பு நல்லாருக்குதுன்னாரே."

"இணைப்பு நல்லாத்தான் இருக்கு. எது கூடன்னு யாரும் பாக்கல."

கோகிலவாணி தம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ரெஜினா தாழ்ந்த குரலில் மேலே சொன்னாள்.

"அந்த டீஃபால்ட்ல எத வைக்கணும்னு ஆரம்பத்துல பெரிய சண்டையே நடந்துச்சாம். ஒண்ணும் போடாம விட்டா, ஆளு முழிச்சதும் சொந்தப் பேரு தெரியாம அலறுவாரு. கம்பெனி சர்வர் முகவரியப் போட்டா, மாத்த மறந்த அத்தனை பேரும் ஒரே ஆளோட நெனப்போட எந்திரிப்பாங்க. கடைசில வீட்டுக்குள்ள இருக்குற முகவரி ஒண்ணப் போட்டாங்க. எல்லாத் தெருவுலயும் ஒண்ணாம் நம்பர் வீடு இருக்குமில்லக்கா, அது மாதிரி அந்த முகவரி எல்லா வீட்டு வைஃபைலயும் இருக்கும். அதுல வைக்கிறதுக்கு ஒரு பெட்டிய நாங்களே விக்கிறதா திட்டம். பெட்டி வரவே இல்ல, முகவரி மட்டும் நின்னுபோச்சு. இப்ப அந்த எடத்துல எது குடியிருக்கோ, அதத்தான் சில்லு பிடிச்சு இணைச்சிக்கிடும்."

"எங்க வீட்டுல எது குடியிருக்குது?"

ரெஜினா கூடத்துக்குப் போய் டிவிக்குக் கீழே கையை நீட்டிக் காட்டினாள். தூசி படிந்த கறுப்புப் பெட்டி ஒன்று பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. செல்லமுத்து தன் போனில் எடுக்கும் படங்கள் தானாகப் போய்ச் சேர்வதற்காக வாங்கி மாட்டியது. கவின் பிறந்த வருடம் வாங்கியது.

கோகிலவாணிக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்குக் கொடிவேரி அணையில் அவள் பச்சைப் புடவையோடு நனைந்து நின்றது ஞாபகம் இருந்தது. கவின் முதன்முதலாக நடந்தது, மருதமலையில் மொட்டை போட்டது, எட்டாவது பிறந்தநாளுக்குக் கேக்கை மூக்கில் அப்பிக்கொண்டது எல்லாம் ஞாபகம் இருந்தது. பட்டறையை மூடும் நிலைக்கு வந்த வருடம் ஞாபகம் இல்லை. அவர்கள் போட்ட சண்டை ஒன்றுகூட ஞாபகம் இல்லை. சண்டையை யார் போட்டோ எடுக்கிறார்கள்? அத்தனை படமும் அவர் எடுத்தது, அவர் நின்ற இடத்திலிருந்து அவர் கண்ணுக்குத் தெரிந்தபடியே இருந்தது. அதை அவருடைய நினைவு என்று எடுத்துக்கொள்ளச் சில்லுக்கு என்ன தடை?

"அந்தப் பொட்டி சில்ல படிக்க விடும், எழுத விடாது. அதனாலதான் அவருக்கு ஒரு நாளும் தங்கல" என்றாள் ரெஜினா.

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது அழுகையில் போய் முடிந்தது. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"இப்ப மாத்திப்போட்டா அவரு பழையபடி ஆயிருவாரா?"

"ஆயிருவாரு. ஆனா நல்லாக் கேட்டுக்கோங்க. கிடங்குல கடைசியா எழுதுனது ஆஸ்பத்திரில இருந்து கெளம்புறதுக்கு முந்தின ராத்திரி. இந்த மூணு வருசம் அவருக்குக் கிடையாது. முழிச்சாருன்னா அவருக்கு அது மறுநாள். பையன் போனதும் புதுசாத்தான் இருக்கும்."

"மாத்தலீன்னா?"

"ஞாயித்துக்கிழமையோட டீஃபால்ட்னு ஒண்ணு கிடையாது. அழிச்சிருவோம். அதுக்கப்புறம் முகவரி இல்லாத சில்லு ஒண்ணையும் இணைக்காது. அதனாலதான் ஒவ்வொருத்தரையும் கேட்டு, இதுதான் வேணும்னு அவங்க வாயால சொல்லவச்சு எழுதிக்கிட்டிருக்கேன். அண்ணனால இப்ப சொல்ல முடியாது, அவருக்குப் பதிலா நீங்கதான் சொல்லணும்."

அன்று பூராவும் கோகிலவாணி யோசித்தாள். யோசித்தாள் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். முடிவு அவளுக்கு முதல் நிமிஷமே தெரியும். அவளுக்குத் துணைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். சந்தோஷமாக இருக்கிற மனுஷனை எழுப்பி இழவுச் செய்தி சொல்வது பாவம் இல்லையா என்று மனது ஒரு பக்கம் கேட்காமல் இல்லை. இதைச் சுயநலம் என்று சொல்கிறவர்கள், மூன்று வருடம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுது பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

மறுநாள் மத்தியானம் ரெஜினா மறுபடி வந்தாள். செல்லமுத்து சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். ரெஜினா காதோரம் தகட்டை ஒட்டி, பழைய முகவரியை அழித்து, சென்னைக் கிடங்கின் முகவரியைப் போட்டாள்.

"தானா முழிக்கட்டும்கா. எழுப்ப வேண்டாம்."

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கோகிலவாணி கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். அவர் விழித்ததும் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடித்துக்கொண்டு முதலில் எதைச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

செல்லமுத்து கண்ணைத் திறந்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு முகம் இறுகியது. தாடையும் நெற்றியும் ஆஸ்பத்திரியில் இருந்த மாதிரியே ஆயின. தலைமாட்டில் நின்ற மனைவியை அவர் பார்க்கவில்லை. எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ரெஜினாவை ஆஸ்பத்திரியில் சில்லு மாட்ட வந்த ஆள் என்று நினைத்துப் பார்த்தார்.

"இன்னும் மாத்தலீங்களா?" என்றார். "நேத்தே சொன்னனுங்களே, கிடங்கு நம்பரு வேண்டாம், அந்த வீட்டு நம்பரையே போட்டு உடுங்கன்னு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்புவது என்பது இதுதான்.

"என்ன நம்பருங்க?" என்றாள் கோகிலவாணி.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவளையும், அவள் தலையில் விழுந்திருந்த நரையையும் பார்த்தார். தான் படுத்திருப்பது வீட்டுக் கட்டில் என்பதைப் பார்த்தார். காயில் கட்டுகிறவர், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் ஆள். புரிந்துகொண்டார்.

"எத்தன நாளாச்சு?"

"மூணு வருசமாச்சுங்க."

"நல்லா இருந்தனா?"

"நல்லா இருந்தீங்க. தெனமும் காத்தால அவன் எங்கேன்னு கேட்டீங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஹாஸ்டல்ல இருக்கான்னேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தாளு மறந்துபோய் உட்டுட்டான்னு நெனச்சனே. டாக்டரு டாக்டரா அலஞ்சனே. நீங்களா போட்டீங்க?"

"மாட்டுறவன்கிட்டக் கேட்டேன். மாத்தாம உட்டா என்னாகும்னேன். வீட்டுல இருக்கற எதையாச்சும் புடிச்சுக்கும்னான். நம்ம போட்டோப் பொட்டி ஞாபகம் வந்துது. அதுல அவன் இருக்கானல்லோ." அவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். "கோகிலா, பேக்கரி பக்கந்தான, ஹெல்மெட்டு எதுக்குன்னு நாந்தான் சொன்னேன். பின்னால ஒக்காந்து என்ற சட்டையப் புடிச்சிருந்தான். லாரி இடிக்கறப்ப அந்தக் கை உட்டுது. அது எனக்குத் தெரியுது. கண்ண மூடுனா அந்தக் கை உடறதுதான் தெரியுது. கண்ணத் தொறந்தாலும் அதேதான்."

"அப்ப என்னைய உட்டுட்டுப் போயிட்டீங்க."

"உன்னைய உட்டுட்டு எங்க போனேன்?"

"போனீங்க. வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டே போனீங்க. நான் ஆருகிட்டங்க அழுவேன்? அவன் துணியெல்லாம் ஒளிச்சு வச்சனே. அவன் பேரச் சொல்லி ஒரு வாய் சத்தமா அழ முடியலையே எனக்கு."

எழுந்து உட்கார்ந்தவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு பின்னந்தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, பிறகு வீடே அதிரும்படி. இரண்டு பெண்களும் ஓடிப்போய்ப் பிடித்தார்கள்.

"அம்மணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அதையே போட்டு உடுங்க" என்று அவர் ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு மூச்சு முட்டுது."

"ஒரே ஒரு நாள் இருங்க" என்றாள் கோகிலவாணி. "சேந்து அழுதுட்டு அப்பறம் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

"முடியாது கோகிலா. உன்ற மூஞ்சியப் பாக்க முடியல."

ரெஜினா கோகிலவாணியைப் பார்த்தாள். "ரூல்படி அவரு சொல்றததான் போடணும்கா" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. சில்லை நிறுத்தினால் ஆள் தானாகத் தூங்கிவிடுவார். பழைய வீட்டு முகவரியைத் திரும்பப் போட்டு நிறுத்தினாள். அவர் தலை சரிந்தது. கோகிலவாணிதான் தலையணையை எடுத்து வைத்தாள்.

வாசல் கேட்டருகில் செருப்பை மாட்டாமலே ரெஜினா நின்றாள்.

"கம்பெனி மீட்டிங்ல நான்தான் ரொம்பப் பேசினேன்க்கா. டீஃபால்ட்டே தப்பு, ஆளக் கேட்டுப் போடணும்னு. கேட்டாப் போதும், எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன்."

"கேட்டாச்சல்லோ" என்றாள் கோகிலவாணி. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் எழுந்து சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் தெளிவாக இருந்தது. பின்னந்தலையைத் தடவிக்கொண்டு, இங்கே ஏதோ வலிக்கிறது என்றார்.

"கவின் எங்க, கோகிலா?"

ஹாஸ்டல் என்ற சொல் அவள் நாக்குவரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. தைரியமா, கோபமா, வெறும் சலிப்பா என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"செத்துப்போயிட்டானுங்க" என்றாள்.

"காத்தால என்ன பேச்சு இது?" என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். பேக்கரிக்குப் போனது, லாரி வந்தது, மூன்று வருடம் ஆகிவிட்டது, எல்லாம் சொன்னாள். அவர் வாய்விட்டு அழுதார். ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி மகன் பேரைச் சொல்லி அழுதார். அவளும் அழுதாள். மூன்று வருடமாக ஒளித்து வைத்த பெயரை அவளும் சத்தமாகச் சொல்லி அழுதாள். அழுதுகொண்டே இருந்தவர் திடீரென்று கேட்டார்.

"வண்டிய ஆரு ஓட்டுனது?"

கோகிலவாணி அவரைப் பார்த்தாள். முந்தின நாள் சுவரில் மோதிய தலை அது. உண்மையைச் சொல்லும் வாயை அவளால் திறக்க முடியவில்லை.

"நாந்தானுங்க ஓட்டுனேன்" என்றாள். "ஹெல்மெட்டு வேண்டாம்னதும் நாந்தான்."

அவர் அடிப்பார் என்றுகூட அவள் எதிர்பார்த்தாள். செல்லமுத்து அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"நீ என்ன பண்ணுவே? லாரிக்காரன் வந்து உட்டா நீ என்ன பண்ணுவே? வேணும்னா பண்ணுனே? பெத்தவளுக்கு இருக்காதா? இத மனசுல வச்சுக்கிட்டு மூணு வருசமாத் தனியாவா செத்துட்டு இருந்தே? எங்கிட்டச் சொல்றதுக்கென்ன கோகிலா? நான் உன்னையத் திட்டிப்போடுவேன்னு நெனச்சியா?"

அவள் அழுகை அப்படியே நின்றுவிட்டது. இதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் ஆஸ்பத்திரியில் அவரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று இல்லை. அவள் தன் துக்கத்திலேயே கிடந்தாள். அவர் குற்றத்தில் கிடந்தது அவள் கண்ணில் படவில்லை. நாள் பூராவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், 'நீங்க என்ன பண்ணுவீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய மௌனத்தை அவர் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.

"அப்ப எனக்கு ஏன் இது ஒண்ணும் தெரியல?" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். அவள் சில்லையும் கிடங்கையும் பற்றிச் சொன்னாள். நிறுத்தச் சொன்னது அவரேதான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ற நெனப்பு அங்க கெடக்குது, என்னையக் கேக்காம எவன் நிறுத்துனது? எம்பையன் போனது தெரியாம நான் சைக்கிள் வாங்கறதப் பத்திப் பேசிட்டு இருந்திருக்கறேன். கூப்புடு அந்தப் புள்ளைய. என்றத எனக்குக் குடுக்கச் சொல்லு."

அவள் போன் செய்தாள். ரெஜினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அக்கா, அவரு வாயால கேட்டா நான் மாத்தித்தான் ஆகணும். ஆனா நேத்து முழிச்சது கிடங்குல எழுதல. சில்ல பாதியில நிறுத்திட்டோம். மறுபடி முழிச்சா மறுபடி அதேதான் கேப்பாரு. தெரிஞ்சவரு வேண்டாம்பாரு, தெரியாதவரு வேணும்பாரு. இதுல எந்த அண்ணன் சொல்றத நான் எழுதட்டும்? எனக்கே தெரியல."

"எனக்கும் தெரியல அம்மணி. நீங்க வாங்க. அவருகிட்ட நான் ஒண்ணு சொல்லோணும்."

"எந்த அவருகிட்ட?"

"சட்டையப் புடிச்சிருந்த கை உட்டது தெரியுதுன்னாரே, அவருகிட்ட."

ரெஜினா உடனே வந்துவிட்டாள். செல்லமுத்து தானே கட்டிலில் படுத்து, தகட்டை ஒட்டக் காதைக் காட்டினார். "சீக்கிரம் போடு அம்மணி" என்றார். கண்ணை மூடும்போது கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார். முகம் இறுகியது. கையை உருவிக்கொண்டார்.

"இன்னும் மாத்தலீங்களா? நேத்தே சொன்னனுங்களே..."

"மாத்திக்கலாமுங்க" என்றாள் கோகிலவாணி. இது பலிக்காவிட்டால் அவளிடம் வேறு ஒன்றும் இல்லை. "நீங்க சொன்னா உடனே மாத்திப்போடுவாங்க. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேளுங்க. லாரிக்காரன் வந்து உட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? வேணும்னா பண்ணுனீங்க? பெத்தவருக்கு இருக்காதா? இத வச்சுக்கிட்டுத் தனியாச் சாகறதுக்கு என்கிட்டச் சொன்னா என்னங்க? நான் உங்களத் திட்டிப்போடுவேன்னு நெனச்சீங்களா?"

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ரெஜினாவின் விரல் லேப்டாப் மேல் தயாராக இருந்தது. அவர் மூச்சு ஏறி இறங்குவது மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை.

"அப்பிடியெல்லாம் பேச உனக்கு வராதே" என்றார் கடைசியில். "ஆரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதானுங்க. இன்னைக்குக் காத்தால நீங்க எனக்குச் சொன்னீங்க."

"நானா?"

"நான் ஓட்டுனேன்னு பொய் சொன்னேன். உங்களுக்குச் சொல்லிக்க உங்களுக்கு மனசு வரல. எனக்குன்னதும் உடனே சொல்லிப்போட்டீங்க."

செல்லமுத்துவின் உதடு கோணியது. எதையோ விழுங்கப் பார்த்தார், முடியவில்லை. ஓர் அழுகை கிளம்பியது. காலையில் அழுதது போலத் தெளிந்த அழுகை இல்லை இது. அடிவயிற்றிலிருந்து கறுத்து வந்தது, பார்க்கவே பயமாக இருந்தது. கோகிலவாணி கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சுவரில் மோதாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ரெஜினா எந்த முகவரியை எழுதுவது என்று அவர்களைக் கேட்கவில்லை. லேப்டாப்பை மூடிக்கொண்டு கூடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். மாற்றச் சொல்லி அவர் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று பொழுது சாயும்வரைக்கும் அங்கேயே இருந்தாள். நாளைக்குக் கூப்பிடுவாரோ என்னவோ. அன்றைக்குக் கூப்பிடவில்லை.